புது அவுட்போர்டு எஞ்சின்: முதல் 10 மணி நேரத்தை எப்படி ஓட்டுவது

புது எஞ்சின் கரைக்கு வந்ததும் ஆளாளுக்குச் சொல்லும் புத்திமதி ஒன்றுதான்: “கொஞ்ச நாளைக்கு மெதுவா ஓட்டு.” இதில் பாதி சரி. மீதிப் பாதி பல எஞ்சின்களைக் கெடுத்திருக்கிறது. ஆக்சிலரேட்டரைத் திருகாமல் ஐட்லிங்கிலேயே நாள் முழுக்க ஓட்டினாலும் புது எஞ்சின் பழகாது. முதல் நாளே முழுசாகத் திருகி ஓட்டினாலும் பழகாது. புது எஞ்சினுக்கு வேண்டியது நடுத்தரமான சுமை. அந்தச் சுமையும் அடிக்கடி கூடிக் குறைய வேண்டும். கீழே சொல்லப்போவது எல்லாம் இதைச் சுற்றித்தான்.

ஃபைபர் படகில் பின்னால் மாட்டி, கைப்பிடியைத் திருகி ஓட்டும் 9.9 முதல் 15 எச்.பி. வரையான அவுட்போர்டுகளை வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது. டூ ஸ்ட்ரோக், ஃபோர் ஸ்ட்ரோக் இரண்டும் உண்டு. 25, 40 எச்.பி. எஞ்சின்களுக்கும் முறை இதேதான். நீளத் தண்டு டீசல் எஞ்சின் வேறு சங்கதி; அதற்கு இது பொருந்தாது. உங்கள் எஞ்சினோடு வந்த மேனுவலில் வேறு கணக்கு இருந்தால் மேனுவல் சொல்வதையே செய்யுங்கள். வாரண்டிக்குப் பேசும்போது அந்தப் புத்தகம்தான் செல்லும்.

உள்ளே என்ன நடக்கிறது

சிலிண்டரின் உள்சுவர் பார்க்க வழவழப்பாக இருக்கும். உண்மையில் அதில் தொழிற்சாலையிலேயே குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் போட்டிருப்பார்கள். ஆயில் தங்குவதற்கு அந்தக் கீறல்கள்தான் இடம். பிஸ்டன் ரிங்கின் விளிம்பு இந்தக் கீறல்களின் மேட்டில் உரசி, மேடும் விளிம்பும் ஒன்றுக்கொன்று தேய்ந்து பொருந்த வேண்டும். ரன்னிங் இன் என்று சொல்வது முக்கியமாக இந்தப் பொருத்தத்தைத்தான்.

ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த ஸ்பிரிங் வலு மட்டுமல்ல. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் அழுத்தம் ரிங்குக்குப் பின்னால் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. ஆக்சிலரேட்டர் குறைவாக இருந்தால் அந்த அழுத்தமும் குறைவு. ரிங் சுவரை மேலோட்டமாகத் தடவிக்கொண்டு போகும். கீறலில் நிற்கும் ஆயில் வெந்து கண்ணாடி போலப் படிந்துவிடும். அப்படிப் படிந்த பிறகு ரிங் பொருந்தவே பொருந்தாது. கம்ப்ரஷன் குறைவாகவே நிற்கும், ஸ்டார்ட்டிங் கடினமாகும், ஃபோர் ஸ்ட்ரோக்காக இருந்தால் ஆயில் குடிக்கும். எஞ்சினைப் பிரித்து, சிலிண்டரை மறுபடி ஹோனிங் செய்தால்தான், அதாவது சுவரில் புதிதாகக் கீறல் போட்டால்தான் தீரும்.

எடுத்த எடுப்பில் முழு வேகம் கொடுத்தால் கெடுதல் வேறு மாதிரி. இன்னும் பொருந்தாத மேடுகளில் உரசல் சூடு ஏறி, ஆயில் படலம் அறுந்து, பிஸ்டனின் அலுமினியம் சுவரில் இழுபட்டு ஒட்டும். அதுதான் சீஸ் ஆவது. நடுத்தரச் சுமை ரிங்கை அழுத்திப் பொருத்துகிறது. இடையிடையே ஆக்சிலரேட்டரைக் குறைக்கும்போது சூடு இறங்கி, உரசும் இடங்களுக்கு ஆயில் திரும்ப வந்து சேர்கிறது.

கீழே கியர் பெட்டிக்குள்ளும் இதே கதை நடக்கிறது. பல்லோடு பல் தேய்ந்து பழகும்போது உதிரும் நுண்ணிய இரும்புத்தூள் கியர் ஆயிலில்தான் மிதக்கும். முதல் கியர் ஆயிலை சீக்கிரம் மாற்றச் சொல்வது இதனால்தான்.

தண்ணீரில் இறக்குவதற்கு முன்

ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கியவர்கள் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சின் ஆயில். புது ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டுகள் பெட்டியில் ஆயில் இல்லாமலேயே வரும். கடைக்காரர் ஊற்றியிருப்பார் என்று நம்பி கயிற்றை இழுக்காதீர்கள். எஞ்சினை நேர்குத்தாக நிறுத்தி, அளவுக் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பாருங்கள். ஆயில் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் நிற்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டினாலும் தப்புதான். டப்பாவில் எஃப்.சி.-டபிள்யூ என்ற முத்திரையும், மேனுவல் சொல்லும் கிரேடும் இருக்க வேண்டும். நம் வெயிலுக்குப் பெரும்பாலும் 10டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-40 வரும். உராய்வைக் குறைக்கும் என்று விற்கும் கூட்டு மருந்துகள் எதையும் இப்போது ஊற்ற வேண்டாம். ரிங் பொருந்த கொஞ்சம் உராய்வு வேண்டும்.

டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு கலக்கும் ஆயிலில்தான் எஞ்சினின் உயிரே இருக்கிறது. டி.சி.-டபிள்யூ3 என்று போட்ட ஆயிலை மட்டும் வாங்குங்கள். பைக்குக்கு விற்கும் 2டி ஆயில் விலை குறைவு என்று அதை ஊற்றுபவர்கள் நிறையப் பேர். அது காற்றில் குளிரும், அதிகச் சூட்டில் ஓடும் எஞ்சினுக்குச் செய்தது. எரிந்தால் சாம்பல் விடும். கடல் தண்ணீரால் குளிர்ந்து ஓடும் அவுட்போர்டில் அந்தச் சாம்பல் பிளக்கிலும் ரிங் உட்காரும் பள்ளமான ரிங் காடியிலும் படியும். ரிங் காடியில் சிக்கினால் மேலே சொன்ன பொருத்தம் எல்லாம் வீண். ஒரு லிட்டர் ஆயிலில் மிச்சம் பிடிக்கும் காசு எஞ்சினைப் பிரிக்கும் மெக்கானிக் கூலிக்கே காணாது.

கலக்கும் கணக்கு

ரன்னிங் இன் காலத்தில் பெரும்பாலான டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளுக்கு 25:1. அதாவது 1 லிட்டர் பெட்ரோலுக்கு 40 மி.லி. ஆயில். 10 லிட்டருக்கு 400 மி.லி., 12 லிட்டர் டேங்குக்கு 480 மி.லி., 24 லிட்டர் டேங்குக்கு 960 மி.லி. சில மாடல்களுக்கு 30:1 சொல்லியிருக்கும். அதற்கு லிட்டருக்கு 33 மி.லி. பத்து மணி நேரம் முடிந்த பிறகு பெரும்பாலும் 50:1, லிட்டருக்கு 20 மி.லி.

டீ டம்ளரில் கண் அளவாக ஊற்றாதீர்கள். மி.லி. கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை மருந்துக் கடையிலும் கிடைக்கும். டேங்கைப் படகிலிருந்து எடுத்துத் தரையில் வைத்து, பாதிப் பெட்ரோல் ஊற்றி, அளந்த ஆயிலை முழுசாகச் சேர்த்து, மூடி நன்றாக ஆட்டுங்கள். பிறகு மீதிப் பெட்ரோலை ஊற்றி மறுபடி ஆட்டுங்கள். முதலில் ஆயிலைக் காலி டேங்கில் ஊற்றினால் அது அடியில் கெட்டியாக நின்று, முதலில் ஆயில் மிகுந்த கலவையே எஞ்சினுக்குப் போய் பிளக்கை அடைக்கும். பிறகு வரும் பெட்ரோலில் ஆயில் குறைந்துவிடும்.

“பாதுகாப்புக்கு இன்னும் கொஞ்சம்” என்று ஆயிலைக் கூட்டுவதும் உதவாது. ஆயில் கூடக்கூட அதே அளவு கலவையில் பெட்ரோல் குறைகிறது. எரிபொருள் மெலிந்து எஞ்சின் சூடாகும், பிளக்கும் கருகும்.

சில டூ ஸ்ட்ரோக்குகளில் தனி ஆயில் டேங்க் வைத்து, பம்பே ஆயிலைக் கலந்து கொடுக்கும். அவற்றுக்கும் ரன்னிங் இன் காலத்தில் பெட்ரோல் டேங்கில் 50:1 கலந்தே ஊற்றச் சொல்வது வழக்கம். பம்பிலிருந்து வருவதும் டேங்கில் கலந்ததும் சேர்ந்து 25:1 போல ஆகிவிடும். அந்த ஆயில் டேங்கில் இப்போதைய மட்டத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் ஓடிய பிறகு மட்டம் அந்தக் கோட்டிலிருந்து இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பம்ப் வேலை செய்யவில்லை. அதைச் சரிபார்க்காமல் கலவையில்லாத பெட்ரோலுக்கு மாறினால் எஞ்சின் போய்விடும்.

பெட்ரோலைப் பற்றி இன்னொரு விஷயம். இந்தியாவில் இப்போது பம்பில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பெரும்பாலான அவுட்போர்டு மேனுவல்கள் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கின்றன. எத்தனால் தண்ணீரை இழுக்கும். கடற்கரைக் காற்றில், பாதி காலியான டேங்கில், தண்ணீர் அளவு மீறிச் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். கலந்த ஆயில் மேலே பெட்ரோலோடுதான் நிற்கும். டேங்கின் உறிஞ்சு குழாயோ அடியிலிருந்து எடுக்கிறது. ஆக, டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குள் போவது துளி ஆயில்கூட இல்லாத திரவம். எத்தனால் குறைந்த பெட்ரோல் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கலந்து, வாரக்கணக்கில் வைத்திருக்காமல் ஓட்டி முடியுங்கள். கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் அந்தப் பெட்ரோல் எஞ்சினுக்கு ஆகாது. தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றை டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவில் போடுவது நல்ல செலவு.

மண்ணெண்ணெய் மாடல் வைத்திருப்பவர்கள் பெட்ரோலில்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். சூடாகாத எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக எரியாமல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும். புது எஞ்சினுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பே திரும்பப் பெட்ரோலுக்கு மாற்றிவிட்டு அணையுங்கள். அடுத்த ஸ்டார்ட்டுக்கு கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும். இந்த எஞ்சின்களுக்குக் கலவைக் கணக்கு வேறு. மேனுவலில் இருப்பதைத்தான் பின்பற்ற வேண்டும்.

மாட்டும் உயரம்

எஞ்சினின் காலில், புரொப்பல்லருக்கு மேலே கிடையாக ஒரு தட்டு இருக்கும். படகின் அடிப்பக்கத்துக்கு நேராகவோ, அதிலிருந்து 25 மி.மீ. வரை கீழாகவோ அந்தத் தட்டு நிற்க வேண்டும். உயர்ந்து நின்றால் புரொப்பல்லர் காற்றைக் கடித்து, எஞ்சின் சுமையில்லாமல் அலறும்; கூலிங் தண்ணீரும் சரியாக ஏறாது. அளவுக்கு மீறி இறங்கினால் தண்ணீர் இழுவை கூடி எஞ்சின் திணறும். குட்டைக் கால் எஞ்சின் 15 அங்குலப் பின்பலகைக்கு, நீளக் கால் 20 அங்குலத்துக்கு. வாங்கும்போதே பின்பலகையை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

கிளாம்ப் திருகுகள் இரண்டையும் கையால் சம அளவில் இறுக்கி, பிராக்கெட் ஓட்டையில் போல்ட்டும் போடுங்கள். ஒரு கயிறோ சங்கிலியோ எஞ்சினையும் படகையும் சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும். முதல் அரை மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு கிளாம்பை மறுபடி இறுக்குங்கள். அதிர்விலும் ஃபைபர் நசுங்குவதிலும் அது கட்டாயம் கொஞ்சம் தளரும்.

முதல் ஸ்டார்ட்

எஞ்சினின் கால் தண்ணீரில் இருக்க வேண்டும். “ஒரு இழுப்பு இழுத்துச் சத்தம் கேட்போம்” என்று கரையில் காய்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யாதீர்கள். கூலிங் பம்பில் இருப்பது ரப்பர் இம்பெல்லர். அதற்கு மசகு தண்ணீர்தான். தண்ணீர் இல்லாமல் சில விநாடி சுற்றினாலே இதழ்கள் கருகிவிடும். பிறகு கடலில் நடுவழியில் எஞ்சின் கொதிக்கும்.

டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகைத் திறந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சின்ன விஷயம், ஆனால் பிஸ்டன் போவதற்கு இது ஒன்றே போதும். திருகு மூடியிருந்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் வரத்து மெல்லக் குறையும். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் சேர்ந்தே குறைகிறது. ஓடும்போது டேங்கின் பக்கங்கள் உள்ளே ஒடுங்குவதாகத் தெரிந்தால் உடனே ஆக்சிலரேட்டரைக் குறைத்துத் திருகைத் திறங்கள். கைப் பம்பின் மேலிருக்கும் அம்புக்குறி எஞ்சினைப் பார்த்திருக்க வேண்டும். அம்பு மேல்நோக்கி இருக்கும்படி பிடித்து, கெட்டியாகும் வரை அமுக்குங்கள்.

கியர் நியூட்ரலில். நிறுத்துக் கயிறு (இழுபட்டால் எஞ்சினை அணைத்துவிடும் கயிறு) கையில் அல்லது இடுப்பில். சோக் வெளியே. ஆக்சிலரேட்டர் ஸ்டார்ட் குறியில். கயிற்றை முதலில் மெதுவாக இழுத்து, பல் பிடித்ததும் பலமாக இழுங்கள். ஓடத் தொடங்கியதும் சோக்கை மெல்ல உள்ளே தள்ளுங்கள். அடுத்த நொடியே கண் போக வேண்டிய இடம் கூலிங் தண்ணீர் பீச்சும் துளை. அரை நிமிடத்துக்குள் அங்கிருந்து தண்ணீர் சீராக வர வேண்டும். வராவிட்டால் எஞ்சினை அணைத்து, காலில் இருக்கும் தண்ணீர் உறிஞ்சும் சல்லடையில் பாலித்தீன் கவரோ பாசியோ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் 10 நிமிடம் எஞ்சினைத் தாழ்ந்த வேகத்தில் ஓட விட்டுச் சூடாக்குங்கள். இதற்கும் காரணம் உண்டு. பிஸ்டன் அலுமினியம், எரியும் இடத்துக்கு நேர் கீழே இருக்கிறது. வேகமாகச் சூடாகி விரியும். சிலிண்டரைச் சுற்றிக் குளிர்ந்த கடல் தண்ணீர் ஓடுவதால் அது மெதுவாகத்தான் விரியும். ஸ்டார்ட் செய்த கையோடு முழு வேகம் கொடுத்தால் பிஸ்டன் சிலிண்டரைவிடப் பெரிதாகிச் சிக்கும். எஞ்சின் கொதிக்காமலேயே சீஸ் ஆகும் வகை இது. பழகிய எஞ்சினுக்கும் இந்த ஆபத்து உண்டு. புதுசுக்கு இடைவெளி இன்னும் குறைவு.

மணிக்கு மணி

முதல் இரண்டு மணி நேரத்தை மீன்பிடிப்போடு சேர்க்காதீர்கள். வலை, ஐஸ், நாலைந்து ஆள் எதுவும் வேண்டாம். இரண்டு பேரும் டேங்கும் போதும்.

முதல் மணி, சூடாக்கிய 10 நிமிடம் போக மீதி 50 நிமிடம்: கியர் போட்டு, பாதி ஆக்சிலரேட்டருக்கு மேல் போகாமல் ஓட்டுங்கள். மேனுவலைப் பொறுத்து இது 2000 முதல் 3000 ஆர்.பி.எம். வரை வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறையுங்கள். ஒரே வேகத்தில் வைத்துவிட்டுப் பேச்சில் இறங்கிவிட வேண்டாம். கியர் போடும்போது ஐட்லிங்குக்கு வந்து, தயங்காமல் டக்கென்று போடுங்கள். மெதுவாக நீவிப் போட்டால் கியர் கிளட்ச்சின் பற்கள் ஒன்றை ஒன்று செதுக்கும்.

பாதி ஆக்சிலரேட்டர் என்றால் கைப்பிடியைப் பாதித் தூரம் திருகுவது என்று அர்த்தமில்லை. பல எஞ்சின்களில் பாதி திருகினாலே முக்கால் வேகம் வந்துவிடும். பிளக் ஒயரில் சுற்றி மாட்டும் சின்ன ஆர்.பி.எம். மீட்டர் குறைந்த விலையில் கிடைக்கிறது. பெரும்பாலானவை ஓடிய மணியையும் எண்ணும். வாங்கி மாட்டுங்கள். அதில் “ஒரு சுற்றுக்கு எத்தனை பொறி” என்ற செட்டிங் இருக்கும். டூ ஸ்ட்ரோக்குக்குச் சுற்றுக்கு ஒன்று. சிறிய ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டுகள் பலவற்றிலும் சுற்றுக்கு ஒரு பொறிதான் வரும். இரண்டு சுற்றுக்கு ஒன்று என்று வைத்துவிட்டால் மீட்டர் இரட்டிப்பாகக் காட்டும்.

இரண்டாவது மணி: முக்கால் ஆக்சிலரேட்டர் வரை. இங்கே படகைப் பொறுத்து ஒரு வித்தியாசம் இருக்கிறது. 28, 30 அடிப் பெரிய ஃபைபரில் 9.9 மாட்டியிருந்தால் அது தண்ணீரைக் கிழித்துக்கொண்டேதான் போகும். முக்காலில் ஓட்டி, இடையிடையே பாதிக்குக் குறைத்தால் போதும். சின்ன, லேசான படகில் 15 எச்.பி. இருந்தால் அது தண்ணீர்ப் பரப்பின் மேல் ஏறி வழுக்கி ஓடும். அந்தப் படகை அணியம் (முன்முனை) தூக்கியபடி, பின்பக்கம் அமுங்கியபடி, ஏறாமலும் இறங்காமலும் இழுத்துக்கொண்டு போவதுதான் எஞ்சினுக்கு உச்சபட்சச் சுமை. ஆர்.பி.எம். குறைவாகத் தெரியும், ஆனால் உள்ளே திணறல். ஆகவே இரண்டாவது மணியில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்துப் படகை மேலே ஏற்றுங்கள். ஏறிய உடனே முக்காலுக்குக் குறைத்து ஓட்டுங்கள். சில விநாடி முழு வேகத்தால் கெடுதல் இல்லை. முதல் மணியில் மட்டும் அணியம் தூக்கத் தொடங்கும் வேகத்துக்குக் கீழேயே இருங்கள்.

அடுத்த எட்டு மணி: இனி தொழிலுக்குப் போகலாம். எந்த வேகத்திலும் ஓட்டலாம். ஆனால் முழு ஆக்சிலரேட்டரில் ஒரே மூச்சாக ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஐந்து நிமிடம் கொடுத்தால் அடுத்த சில நிமிடம் பாதிக்குக் குறையுங்கள். தூண்டிலை இழுத்தபடி மணிக்கணக்கில் ஊர்ந்து போவதையும், இன்னொரு படகைக் கட்டி இழுப்பதையும் இந்தக் காலத்தில் தவிருங்கள். முன்னது ரிங்குக்கு அழுத்தம் கொடுக்காது. பின்னது அளவுக்கு மீறிக் கொடுக்கும்.

எண்ணுவது எஞ்சின் ஓடிய மணியை. கடலுக்குப் போய்த் திரும்பிய மணியை அல்ல. வலை விட்டுக் காத்திருந்த நேரம் கணக்கில் வராது. கரையில் பேரலில் ஐட்லிங்கில் ஓடியதையும் சேர்க்காதீர்கள். கியரும் சுமையும் இல்லாத ஓட்டம் எஞ்சினைப் பழக்குவதில்லை. 15 எச்.பி. டூ ஸ்ட்ரோக்குக்கு இந்தப் பத்து மணிக்கு ஏறக்குறைய இரண்டு 24 லிட்டர் டேங்க் கலவை பிடிக்கும், ஆயில் இரண்டு லிட்டர் போல. முதலிலேயே வாங்கி வைத்துக்கொண்டால் நடுவில் வேறு ஆயில் கலக்க நேராது.

அலை உடையும் கரையில்

சோழமண்டலக் கரையில் பெரும்பாலும் துறைமுகம் இல்லாமல் மணலிலிருந்துதான் படகு தள்ளுகிறார்கள். அலையைத் தாண்ட வேண்டுமானால் ஸ்டார்ட் செய்த உடனே முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தாக வேண்டும். மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் இது நேர் எதிர். அதனால் முதல் இரண்டு மணி நேரத்தை அமைதியான நீரில் முடிப்பதுதான் வழி. பழவேற்காடு ஏரி, முகத்துவாரத்தை ஒட்டிய கழி, அருகிலுள்ள மீன்பிடித் துறைமுகத்தின் உள்பக்கம், எது பக்கமோ அங்கே படகைக் கொண்டுபோங்கள். பாக் நீரிணைப் பக்கம் இருப்பவர்களுக்குக் காற்று ஓய்ந்த காலை நேரமே போதும். வண்டி வாடகை ஒரு நாள் செலவுதான்.

அதன் பிறகு கரையிலிருந்து தள்ளும்போது, அலைக்குள் போவதற்கு முன்பே பேரல் தண்ணீரில் எஞ்சினின் காலை அமிழ்த்தி ஐந்து நிமிடம் சூடாக்கிக்கொள்ளலாம். தண்ணீர் அந்தக் கிடைத் தட்டுக்கு மேல் நிற்க வேண்டும். கியர் போடக் கூடாது. புரொப்பல்லரைக் கழற்றி வைப்பது நல்லது. ஆழம் குறைந்த இடத்தில் எஞ்சின் மணலை உறிஞ்சும். அந்த மணல் இம்பெல்லரை அரைத்து, கூலிங் வழியையும் அடைக்கும். இடுப்பளவு தண்ணீர் வரை ஆள் தள்ளிப் போய் ஸ்டார்ட் செய்வதே பழக்கமாகட்டும்.

என்ன பார்க்க வேண்டும்

25:1-இல் ஓடும் டூ ஸ்ட்ரோக் நன்றாகப் புகைவிடும், தண்ணீர் மேல் வானவில் படலம் மிதக்கும், பிளக் கருப்பாக ஈரமாக இருக்கும். பயப்பட வேண்டாம். உதிரிப் பிளக்கும் பிளக் ஸ்பேனரும் படகில் இருக்கட்டும். ஒரு சிலிண்டர் அடைத்தால் எஞ்சின் பாதி வலுவோடு குலுங்கும், பிளக்கை மாற்றினால் சரியாகிவிடும்.

பீச்சும் தண்ணீர் மெலிந்தால், ஆவியாக வந்தால், பெயின்ட் கருகும் வாடை அடித்தால், ஆக்சிலரேட்டரைத் தொடாமலே வேகம் இறங்கினால் உடனே குறைத்து, அணைத்துவிடுங்கள். வேகம் தானாக இறங்கும்போது இன்னும் கொஞ்சம் திருகிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. பிஸ்டன் பிடிக்கத் தொடங்கியிருக்கும் நேரம் அது. அணைத்து, ஆறவிட்டு, கயிற்றைக் கையால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றினால் தப்பியது. பிறகு தண்ணீர் வழியையும் பெட்ரோல் வழியையும் பாருங்கள்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் தினமும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் அளவுக் குச்சியைப் பாருங்கள். ஆயில் குறைவது புது எஞ்சினில் கொஞ்சம் சகஜம். மட்டம் கூடுவதுதான் கவனிக்க வேண்டியது. குச்சியை மோந்து பார்த்தால் பெட்ரோல் வாடை வரும். ரிங் இன்னும் பொருந்தாததால் எரியாத பெட்ரோல் கசிந்து ஆயிலில் இறங்குகிறது. பெரும்பாலும் ஐட்லிங்கிலேயே ஓட்டுபவர்களுக்கு வரும் வினை. ஆயிலை மாற்றிவிட்டு, எஞ்சினுக்குச் சரியான சுமை கொடுத்து ஓட்டுங்கள்.

ஒவ்வொரு நாளும் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர்ப் பேரலில் 10 முதல் 15 நிமிடம் ஐட்லிங்கில் ஓட்டி உப்பைக் கழுவிவிடுங்கள். எஞ்சினின் உலோகத்தை உப்பு அரிக்காமல் காக்கும் துத்தநாகக் கட்டியின் மேல் பெயின்ட் அடிக்காதீர்கள். அது கரைந்து அழிவதற்காகவே வைத்தது.

10 மணி முடிந்ததும்

டூ ஸ்ட்ரோக்கில் கியர் ஆயிலை இப்போதே மாற்றுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு 20 மணி அல்லது ஒரு மாதம், எது முன்னால் வருகிறதோ அப்போது எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், கியர் ஆயில் மூன்றும்.

கியர் ஆயிலுக்கு எஞ்சினை நேராக நிறுத்தி, கீழ்த் திருகையும் பிறகு மேல் திருகையும் கழற்றுங்கள். வடியும் ஆயிலை வெள்ளைக் கிண்ணத்தில் பிடியுங்கள். சாம்பல் நிறத்தில் மினுமினுக்கும் பசை இருந்தால் அது பழகிய கியரின் தூள், சரிதான். விரலில் தட்டுப்படும் துணுக்கு இருந்தால் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் சீல் வழியே தண்ணீர் போயிருக்கிறது. புது எஞ்சினில் இது வாரண்டி வேலை. அந்த ஆயிலைக் கொட்டாமல் பாட்டிலில் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

புது ஆயில், பெரும்பாலும் எஸ்.ஏ.இ. 90 ஹைப்பாய்டு, கீழ் ஓட்டை வழியாகத்தான் ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே சிக்கி, பெட்டி நிறைந்ததுபோல் ஏமாற்றும். டியூபைக் கீழ் ஓட்டையில் அழுத்திப் பிடித்து, மேல் ஓட்டையில் குமிழி இல்லாமல் ஆயில் வழியும் வரை பிதுக்குங்கள். டியூபை எடுக்காமலே மேல் திருகை முதலில் மூடுங்கள். பிறகு டியூபை எடுத்துவிட்டுக் கீழ்த் திருகைச் சட்டென்று போடுங்கள். 15 எச்.பி. எஞ்சினுக்குச் சுமார் கால் லிட்டர் பிடிக்கும். இரண்டு வாஷர்களும் புதுசாகப் போடுங்கள். பழைய வாஷரில் சேமிக்கும் சில ரூபாய்க்குத் தண்ணீர் உள்ளே போகும்.

புரொப்பல்லரைக் கழற்றி, தண்டில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதுதான் சீலை அறுக்கும். தண்டின் பள்ளங்களில் நீர் புகாத கிரீஸ் தடவி, நட்டை இறுக்கி, புது காட்டர் பின் போடுங்கள். பிளக்குகளைத் துடைத்து, கருகியிருந்தால் மாற்றுங்கள். கிளாம்ப், போல்ட், பெட்ரோல் குழாய் கிளிப் எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்குங்கள்.

டேங்கில் மிச்சமிருக்கும் 25:1 கலவையை ஓட்டித் தீர்த்துவிட்டு 50:1-க்கு மாறுங்கள். இரண்டு கலவைக்கும் இரண்டு கேன் வைத்து, மேலே பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. வழக்கமான ஆளும் சுமையும் ஏற்றி, அமைதியான நீரில், எஞ்சின் சூடான பிறகு ஒரு நிமிடம் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்து மீட்டரைப் பாருங்கள். 15 எச்.பி. டூ ஸ்ட்ரோக்குகள் பலவற்றுக்கு 4500 முதல் 5500 வரை என்று சொல்லியிருக்கும். உங்கள் எஞ்சினுக்குரிய எண் மேனுவலில் இருக்கும். கீழ் எல்லையைக்கூட எட்டாமல் திணறினால் புரொப்பல்லரின் பிட்ச் (ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம்) அதிகம். ஒரு அங்குலப் பிட்ச் குறைந்த புரொப்பல்லர் போட்டால் 150 முதல் 200 ஆர்.பி.எம். வரை ஏறும். மேல் எல்லையைத் தாண்டினால் பிட்ச் கூடியதைப் போடுங்கள். பெரிய ஃபைபருக்கு எஞ்சினோடு வரும் புரொப்பல்லர் பெரும்பாலும் அதிகப் பிட்ச்சாகவே இருக்கும். வேறு பிட்ச்சுக்கு மாற்றிக் கொடுப்பார்களா என்று கடையில் கேட்டுப் பாருங்கள்.